பவளத்தின் ஜாக்கெட்

உங்கள் வீட்டில் ஒரு பெண் மாதத்துக்கு மாதம் பருத்துக்கொண்டே போனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? அவளுடைய சாப்பாட்டுத் தட்டையா, முகத்தையா?

திருமுக்கூடலிலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில் ஏரிக்கரையை ஒட்டி ஓர் ஊர். அந்த ஊர் அம்முலுவின் தட்டைத்தான் பார்த்தது. தட்டில் ஒன்றும் அகப்படவில்லை என்றதும் பேயைத் தேடத் தொடங்கியது.

அம்முலு அங்கே இரண்டாந்தாரமாக வந்தவள். முதல் தாரம் அவளுடைய சொந்த அக்கா பவளம். பகலிலும் தூங்கித் தூங்கி விழுந்துகொண்டிருந்த பவளத்தை ஒரு மார்கழிக் காலையில் எழுப்ப முடியவில்லை. "புண்ணியவதி, பூவும் பொட்டுமா தூக்கத்துலயே போயிட்டா" என்று ஊர் மெச்சியது. எழுப்ப முடியாத தூக்கம் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பவளத்தின் மகள் பூஜாவுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை. வேற்றாள் வந்தால் பிள்ளை சீரழியும் என்று சொல்லி, தங்கையையே தமிழ்வாணனுக்குக் கட்டிவைத்தார்கள். அம்முலுவின் சம்மதத்தையும் யாரும் கேட்கவில்லை. அக்கா புருஷனை 'மாமா' என்று கூப்பிட்டுப் பழகிய வாய், தாலி ஏறிய பிறகும் அப்படியே கூப்பிட்டது.

தாலியோடு மூத்தாள் பேரில் ஒரு வெள்ளிப் பொட்டையும் கோத்துப் போட்டார்கள். புருஷன் இருக்கும்போதே செத்துப்போகிறவள் அந்தப் பக்கத்தில் பூவாடைக்காரி, வீட்டுத் தெய்வம். வருடந்தோறும் புடவை வைத்துப் படைக்க வேண்டும். பவளம் கடைசியாக உடுத்திய புடவையும் ஜாக்கெட்டும் ஒரு மூங்கில் பெட்டியில் இருந்தன. உயிரோடு இருந்தவரை ஒரு நல்ல வைத்தியரைப் பார்க்காதவளுக்குச் செத்த பிறகு பட்டும் பலகாரமும்!

நாற்பதைத் தாண்டியதும் அம்முலுவுக்கு மாதவிலக்கு தாறுமாறானது. ஒரு மாதம் வராது. வந்தால் நிற்காது. ஏற்கெனவே சர்க்கரை, மூட்டுவலி. இப்போது உடம்பு மாவு போலப் புளித்துப் பொங்கியது. காலையில் கண் இமை வீங்கியிருக்கும். சீப்பில் முடி கொத்தாக வரும். வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அவளுக்கு மட்டும் குளிர் எடுக்கும்.

"இன்னாமே அம்முலு, ஓரமா நட! வரப்பு ஒடைஞ்சிடப் போவுது" என்பாள் நூறு நாள் வேலைக்கு வரும் ஆண்டாளம்மாள்.

"ஒடைஞ்சா உன்னைத் தூக்கி வெச்சி அடைச்சிட்டா போவுது" என்று அம்முலுவும் விடமாட்டாள். கூட இருப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போய், தட்டில் போட்ட சோற்றில் பாதியை எடுத்து மாட்டுத் தொட்டியில் கொட்டுவாள். அந்த ஊரின் பெரிய மனிதர் ஒருவருக்கு வயிறு வாசற்படியை அவருக்கு முன்னால் தாண்டும். அதற்குப் பெயர் வசதி.

ஒரு தனியார் வைத்தியர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "சோத்தை நிறுத்தும்மா, நட" என்றார். நிறுத்தினாள். ஏரிக்கரையில் கால் வீங்க நடந்தாள். உடம்பு இன்னும் ஏறியது.

பிறகு குரல் கட்டியது. சளி இல்லை, இருமல் இல்லை. தொண்டையில் ஈரச்சாக்கைப் போர்த்தியது போல ஒரு கரகரப்பு. ஒருநாள் மதியம் பம்புசெட்டுக்குச் சோறு கொண்டுபோனவள், குனிந்து வாய்க்கால் மடை கட்டிக்கொண்டிருந்த புருஷனைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா..."

தமிழ்வாணன் கையிலிருந்த மண்வெட்டி தண்ணீரில் விழுந்தது. திரும்பாமலே கேட்டான்:

"பவளமா?"

அதற்குப் பிறகு அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தெருப்பிள்ளைகள் அவள் குரல் கேட்டால் ஓடின. மாமியார் கோவிந்தம்மாள் அவளை மருமகளாக நடத்துவதை விட்டுவிட்டு, எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, "எங்களை ஒண்ணும் பண்ணிடாதே தாயே" என்று முணுமுணுத்தாள். அம்முலு கண்ணாடி பார்ப்பதை நிறுத்தினாள். அதில் தெரிந்தது கடைசிப் பொங்கலுக்குத் தாய்வீடு வந்திருந்த அக்காவின் முகம்.

குறி சொல்கிறவன் ஒருவனை அழைத்தார்கள். அவன் உடுக்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னான்: "மூத்தா உள்ள குந்திக்கினு கீறா. அவ வூடு, அவ புருசன், வுடுவாளா? மார்கழி வெள்ளியில படையல் போடு. பட்டினி கெடந்து, அவ துணியவே ஈரத்தோட கட்டிக்கினு, வெளக்கு அணையிற மட்டும் அவ எதிர்ல குந்து. எறங்கிடுவா."

அம்முலு மறுக்கவில்லை. உள்ளுக்குள் அவளுக்கு ஓர் ஆறுதல்கூட இருந்தது. திருட்டுத்தனமாகத் தின்று கொழுத்தவள் என்ற பேருக்குப் பேய் பிடித்தவள் என்ற பேர் எவ்வளவோ மேல்.

அந்த வெள்ளிக்கிழமை பனி முழங்கால் உயரத்துக்கு நின்றது. வயிற்றில் ஒன்றுமில்லாமல், தலைக்கு ஊற்றிக்கொண்டு படையல் அறைக்குள் போனாள். கண் இழுத்துக்கொண்டு போனது. படுத்தால் எழுந்திருக்கமாட்டோம் என்று தோன்றியது. படுத்தால் தேவலை என்றும் தோன்றியது. மூங்கில் பெட்டியைத் திறந்து பவளத்தின் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் அதைத் தன்மேல் வைத்துப் பார்த்திருக்கிறாள். இரண்டு அம்முலு நுழையலாம். இப்போது ஒவ்வொரு கொக்கியும் அளவெடுத்துத் தைத்தது போல மாட்டிக்கொண்டது.

வாசலில் மகனோடும் பேத்தியோடும் நின்ற கோவிந்தம்மாள் அலறிக் கும்பிட்டு விழுந்தாள். "வந்துட்டியா பவளம்!"

அக்காதான், சந்தேகமே இல்லை என்று அம்முலுவும் நினைத்தாள். அப்படியே நிமிர்ந்தவள் கண்ணில் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படம் பட்டது. பூவாடைக்காரிக்கு மாலை போட்டுப் பொட்டு வைத்த படம். அதில் நின்ற பவளம் கழுத்தெலும்பு தெரிய, குச்சிக் கைகளோடு இருந்தாள்.

"அத்தே," என்றாள் அம்முலு, அந்தக் கரகரத்த குரலில். "படத்துல கீறவளுக்கு இந்த ஜாக்கெட்டு எப்டி சேரும்?"

"அது... பூஜா பொறந்த பெறகு ஊதிட்டா."

"கொரலு?"

"கட்டிக்கிச்சி."

"குளுருச்சா?"

"சித்திரையிலயும் போத்திக்கினு தான்..." கோவிந்தம்மாள் பாதியில் நிறுத்தினாள். அவள் கை தானாகவே வாயைப் பொத்தியது.

"ஊதினா, கொரலு கட்டிச்சி, குளுருச்சி, தூங்கித் தூங்கிச் செத்தா. அக்கா என் மேல வர்லத்தே. அக்காவைக் கொண்டுக்கினு போன நோவு என்கிட்ட வந்துக்கீது."

வெளியில் உடுக்கை அடித்துக்கொண்டிருந்த குறிக்காரன் கத்தினான்: "பேச வுடாதீங்க, ஏமாத்துறா!"

"நீ சும்மா கெட!" என்று அம்முலு போட்ட சத்தத்தில் உடுக்கை நின்றது. "பூஜா, எனக்கு ஒலந்த துணி எடு. வண்டிய எடு மாமா. இப்ப என் மூஞ்சப் பாத்து சொல்லு, நான் யாரு?"

தமிழ்வாணன் வெகுநேரம் பார்த்தான். "அம்முலு" என்றான்.

உத்திரமேரூரில் ஒரு பெண் டாக்டர் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்து ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆபத்து என்றார். குடும்பத்தில் வரக்கூடியது என்பதால் பூஜாவுக்கும் பார்த்தார்கள். அவளுக்கும் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

"எங்க அக்காவுக்கும் இதுதானுங்களா?"

"பார்க்காம எப்படிம்மா சொல்றது? இருக்கலாம்."

தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சில மாதங்களில் குளிர் விட்டது, தூக்கம் விட்டது. வீக்கம் வடிந்தது. எடை முழுக்க இறங்கவில்லை. மாதவிலக்கு நிற்கும் வயது, சர்க்கரை, வலிக்கும் முட்டி எல்லாம் அப்படியே இருக்கின்றன. "மாத்திரை துன்னும் இப்டியே கீறியே" என்கிறாள் ஆண்டாளம்மாள். "செத்துப்போவலேன்னு உனக்கு வருத்தமா?" என்கிறாள் அம்முலு. தட்டில் போட்ட சோற்றை இப்போது முழுதாகச் சாப்பிடுகிறாள்.

குரலும் திரும்பிவிட்டது. அது திரும்பிய நாளில் மாமியார் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். பவளம் இரண்டாம் முறையும் போய்விட்டாள். அம்முலுவை இன்றும் விடாமல் பிடித்திருப்பது ஒன்றுதான்: அந்த 'இருக்கலாம்'. ஒரு துளி ரத்தம் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். விடியற்காலையில் மாத்திரையை விழுங்கும்போது கை தானாக அந்த வெள்ளிப் பொட்டுக்குப் போகிறது. அக்காவுக்கும் குளிரெடுத்ததே, யாராவது கேட்டோமா?

நீங்களாவது கேளுங்கள். உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், ஊதிக்கொண்டும் ஓய்ந்துகொண்டும் வரும் பெண்ணிடம் எவ்வளவு தின்கிறாய் என்று கேட்காதீர்கள். குளிருகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.