பெரியதாழைக்கு லைனை விட்டுக்கொடுத்த ரெஜினா

போன செவ்வாய்க்கிழமை மதியம் பெரியதாழையிலிருந்து சூசை அண்ணன் போனில் பேசினார். "செல்வி, நம்ம ரெஜினா காலைல போயிட்டாளாம். ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் சொன்னாவ."

தூத்துக்குடியில் நாங்கள் வேலை பார்த்த மீன் ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ரெஜினாவும் நானும்தான். உங்களில் பலர் அவரைத் திரேஸ்புரம் தெருக்களில் ஸ்கூட்டரில் பார்த்திருப்பீர்கள். அப்போது கரையோர ஊர்களுக்கு இணையம் வந்திருக்கவில்லை. பெரியதாழைக் கிளையின் மீன் வரத்துக் கணக்கு மோடம் வழியாக, டெலிபோன் லைனில்தான் எங்களுக்கு வரவேண்டும். நாள் முழுக்க லைனைத் திறந்தே வைக்கச் சொன்னார் முதலாளி. ரெஜினா மறுத்தார்.

"அண்ணாச்சி, அங்கன ஆபீஸ்ல இருக்கது ஒரே போனு. கடலுக்குப் போனவங்க வீட்டுக்காரங்க எல்லாரும் அந்த நம்பரத்தான் குடுத்து வச்சிருக்காவ. நாமளே பிடிச்சுக்கிட்டு இருந்தா அவுகளுக்கு எப்படிப் போன் வரும்?"

"அப்ப எனக்குக் கணக்கு வேண்டாமா?"

"வரும். அனுப்ப ஏதாவது இருந்தா மிஷினே கூப்பிடும். அனுப்பி முடிச்சதும் அதுவே வச்சிரும்."

முதலாளி அரைமனதாகச் சம்மதித்தார். அமைத்துக் கொடுத்த முதல் வாரமே, கிளையைப் பார்த்துக்கொண்டிருந்த சூசை அண்ணன் முறையிட்டார். யாரும் தொடாமலே மோடம் எங்கள் அலுவலகத்தைக் கூப்பிடுகிறது, போன் எப்போதும் என்கேஜ்டு என்றார். "நான் சொன்னபடி திறந்தே வச்சிருங்க" என்றார் முதலாளி. ரெஜினா அவரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கிளைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் வெகுநேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏளா, நம்ம ஆபீஸ்ல புது மெயில் வந்திருக்கான்னு இது சும்மா சும்மா கேட்டுக்கிட்டே இருக்கு. கேட்க வேண்டி ஒவ்வொரு தடவையும் போன் போடுது." கணக்கு அனுப்பும்போது மட்டுமே லைனை எடுக்கலாம், மற்ற எதற்கும் கூடாது என்று மாற்றி அமைத்தார். சாயந்தரம் போன் சும்மா கிடந்தது. சூசை அண்ணன் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு எங்களுக்கு டீ சொன்னார்.

அந்த மழைக்காலத்தில் பெரியதாழைப் படகு ஒன்று கரை திரும்பவில்லை. குடும்பத்தார் கிளை அலுவலக வாசலிலேயே இருந்தார்கள். கணக்கு வந்து முடிந்து மோடம் லைனை விட்ட சிறிது நேரத்தில் சூசை அண்ணன் எங்களைக் கூப்பிட்டார். "இன்ஜின் நின்னு கேரளாப் பக்கம் ஒதுங்கிட்டாவளாம். இப்பத்தான் அங்கன இருந்து போன் வந்துச்சு. எல்லாரும் உசுரோட இருக்காவ."

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். ரிசீவரை வாங்கித் தானும் ஒரு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "திருச்செந்தூர் கிளைக்கும் இதே மாதிரி போட்டுரும்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். ரெஜினா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சற்றுநேரம் அழுதார். முகம் கழுவிவிட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார்.

அடக்கத்துக்குப் பெரியதாழையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். அந்தப் படகில் போனவர்களில் இருவர் பெட்டியைச் சுமந்தார்கள்.

முதலாளி முன்னால் ரெஜினா ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டதுமில்லை. நேற்று அலுவலகக் கூட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு திட்டத்தை, "இது கிளையில இருக்கவங்களுக்குச் சரிப்படாது" என்று மெதுவாக மறுத்தேன். எல்லோரும் என் பக்கம் திரும்பி, ஏன் என்று கேட்டார்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.