கேசிங் இறக்காத கதாநாயகன்

வேற்றுக் கிரகத்தில் தண்ணீர் வந்ததா, வரவில்லையா? இந்த ஒரு கேள்வியால் என் மகளுடைய காதுகுத்து நின்றுபோக இருந்தது.

சிரிக்காதீர்கள். போன மாதம் முழுக்க எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் காத்துக்கொண்டிருந்த அந்த அறிவியல் படத்தின் இரண்டாம் பாகம் வந்தது அல்லவா? பேர் சொல்ல மாட்டேன். சொன்னால் பாதி வாசகர்கள் சண்டைக்கு வருவீர்கள். மீதிப் பேர் முடிவை விளக்கி எனக்குப் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள். பார்க்காதவர்களுக்காகக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில், சொட்டுத் தண்ணீர் இல்லாத ஒரு கிரகத்தில் கதாநாயகனைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் பூமிக்குத் திரும்பிவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தில் அவர் அங்கே போர் போடுகிறார். ஆமாம், நம் ஊரில் தோட்டத்துக்குப் போடுகிறோமே, அதே போர்தான். இரண்டே முக்கால் மணி நேரம் போடுகிறார். கடைசியில் துளைக்கிற சத்தம் நிற்கிறது. திரை இருட்டாகிறது. 'சொட்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்திருக்க வேண்டியது.

அந்த 'சொட்' தண்ணீரா, வியர்வையா, கண்ணீரா? இதுதான் பிரச்சினை.

நாமக்கல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பையன்கள். கதாநாயகன் முதல் பாகத்திலேயே செத்துவிட்டானாம், இரண்டாம் பாகம் முழுக்க அவன் சாகும்போது நினைத்துப் பார்ப்பதாம். ஒருவன் அடித்துச் சொல்கிறான், இன்னொருவன் யூடியூப்பைக் காட்டி மறுக்கிறான். பக்கத்தில் நின்ற கண்டக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவந்தான் செத்துட்டானே... அப்புறம் ரெண்டாவதுக்கு எதுக்குப்பா டிக்கெட் எடுத்தீங்க?" என்றார். ராசிபுரத்தில் இறங்க வேண்டிய இரண்டு பேரும் பேச்சு சுவாரஸ்யத்தில் அதைத் தாண்டி ஆண்டகளூர்கேட்டில் போய் இறங்கினார்கள்.

அடுத்தவர்கள் சண்டை என்றால் வேடிக்கைதான். நம் வீட்டுக்குள் வந்தால்?

எங்கள் வீடு சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் பிரபு கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்துகிறார். என் தம்பி தினேஷ் திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கிறான்... இருக்கிறான் என்று ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன். போர் போடுகிற ரிக் வண்டியோடு வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கர், ஒடிசா என்று கிடப்பான். இந்த மாமனும் மச்சானும் எனக்குக் கல்யாணமான புதிதில் ஒருத்தரையொருத்தர் பார்த்தால் 'சாப்பிட்டீங்களா'வுக்கு மேல் பேச மாட்டார்கள். முதல் பாகம் வந்த வாரம் ஒன்றாகப் போய்ப் பார்த்தார்கள். அன்றிலிருந்து அப்படி ஒரு ஒட்டு. எனக்கு வருகிற போனைவிட அவருக்கு வருகிற போன்தான் அதிகம். இரண்டாம் பாகத்துக்காகவே தினேஷ் ராய்ப்பூரிலிருந்து ரயில் ஏறி வந்தான்.

படம் முடிந்து புரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். வீட்டுக்காரர் கண் கலங்கியிருந்தார்.

"என்ன ஒரு படம் மாப்ள. அந்தச் சொட்டு இருக்கே... முதல் பாகம் ஆரம்பிக்கிறதே அதே சத்தத்துலதான். காலமே ஒரு வட்டம்னு சொல்றான். தண்ணிங்கறது தண்ணியே இல்ல. நினைவு."

தினேஷ் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்.

"படம் குப்பைங்க மாமா."

எங்கள் பக்கத்துச் சண்டையை வெளியூர்க்காரர்கள் பார்த்தால் ஏதோ விருந்து உபசாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' மட்டும் போகாது.

"அவன் கேசிங்கே இறக்கலீங்க மாமா. மேல பூராப் புழுதி மண்ணு. பாறை தட்டற வரைக்கும் கேசிங் பைப்ப இறக்காட்டி, சுத்தி இருக்கற மண்ணு சரிஞ்சு குழி மூடிக்குமுங்க. அம்பது அடி தாண்டாது. இவன் ரெண்டாயிரம் அடி போறான். அப்புறம் காத்தே இல்லாத ஊர்ல கம்ப்ரசர் எதைங்க உறிஞ்சும்? காத்து இல்லாட்டிக் குழிக்குள்ள பாறைய ஒடைக்கற சுத்தியல் எப்படிங்க அடிக்கும்?"

யோசித்துப் பாருங்கள். இயற்பியல் வாத்தியார் கவிதை பேசுகிறார். ரிக் ஓட்டுகிறவன் இயற்பியல் பேசுகிறான். நான் நடுவில் உட்கார்ந்து சால்னா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"படத்துல போய் கேசிங் பாக்கறியே மாப்ள, அர்த்தத்தைப் பாரு."

"குழியே மூடிக்கிச்சுங்க மாமா. அர்த்தம் எந்த வழியாங்க மேல வரும்?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். மாணவர்கள் சிரித்தால் தாங்கிக்கொள்கிற மனுஷன், புரோட்டாக் கடையில் சிரித்ததைத் தாங்கவில்லை. மறுநாள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் பற்றி நீளமாக ஒரு பதிவு போட்டார். அதில் கடைசி வரி: 'இதெல்லாம் புரிய கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும்.'

சித்தப்பா கைதட்டுகிற பொம்மை போட்டார். பெரியம்மா வழக்கம்போல் காலை வணக்கம் போட்டார். அதற்கும் கீழே, தினேஷ் குழுவிலிருந்து வெளியேறிவிட்டான் என்று சின்னதாக ஒரு வரி வந்தது.

இத்தோடு விட்டிருந்தால் நாலு நாளில் சரியாகியிருக்கும். ஆனால் மகள் மகிழினிக்கு மூன்று வயது முடிந்து, குலதெய்வம் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தோடு வருவதும் அவன் கையிலிருந்துதான். அந்தத் தாய்மாமனை எப்படி அழைக்க வேண்டும்? அக்காவும் மாமாவும் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து எடுத்துக்கொண்டு நேரில் போய் அழைக்க வேண்டும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? பட்டாம்பூச்சி பறக்கிற மாதிரி ஒரு அழைப்பிதழ் தயாரித்து, எல்லோருக்கும் அனுப்பியதோடு சேர்த்து... தாய்மாமனுக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டார்.

இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

நான் போன் போட்டேன்.

"வண்டி ஒடிசா கிளம்புதுக்கா. ஞாயித்துக்கிழமை நான் இருக்க மாட்டேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பகீரென்றது. வண்டி கம்ப்ரசர் வேலைக்காகப் பட்டறையில் நிற்கிறது என்று அதற்கு முந்தின நாள்தான் அம்மா சொல்லியிருந்தாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதனால என்ன, உங்க சித்தப்பா பையன் ஒருத்தன் இருக்கானே, மடிக்கு அவனை உக்கார வச்சுக்கலாம்" என்றார்.

மடிக்கு ஆள் பிடிக்க, இது என்ன ஆக்டிங் டிரைவர் வேலையா?

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன். "ஏனுங்க, அவன் ஏன் படிக்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா? அப்பா தவறுன வருசம் நான் எம்.ஏ. ரெண்டாவது வருசம். அவன் பாலிடெக்னிக் முதல் வருசம். ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் படிக்க முடியும்னு ஆச்சு. அம்மா யாரையும் கேக்கல. அவனா ஒரு நாள் பெட்டியத் தூக்கிட்டு ரிக் வண்டியில ஏறிப் போயிட்டான். நான் பத்திரிகையில பத்தி எழுதறதும், நீங்க அதைப் பெருமையா நாலு பேருக்கு அனுப்பறதும் அவன் வண்டி ஏறுனதாலதான்."

வீட்டுக்காரர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். போனவர் வெற்றிலைக் கட்டோடு திரும்பி வந்தார். அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டோம்.

தினேஷ் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான். "வாங்க மாமா, வாக்கா. உள்ள வாங்க." முறைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அம்மா டீ வைக்கப் போனாள். தட்டு நடுவில் இருந்தது, யாரும் தொடவில்லை. மகிழினி மட்டும் அதிலிருந்த வாழைப்பழத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார். "மாப்ள, நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது."

"அது பரவால்லீங்க மாமா."

"பரவால்லன்னா ஒடிசா எதுக்கு?"

தினேஷ் பேசினான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"எனக்குப் படிப்பு இல்லீங்க மாமா, நெசந்தான். ஆனா படம் புரியாம நான் குப்பைன்னு சொல்லலீங்க. போன வருசம் ராய்ப்பூர்ப் பக்கம் ஒரு ஊட்டுக்குப் போர் போட்டோம். எழுநூறு அடி. வெறும் தூசிதான் வருது. அந்த ஊட்டுக்காரங்க அஞ்சு பேரும் காலையில இருந்து சேர் போட்டு உக்காந்து குழியவே பாத்துட்டு இருந்தாங்க. அந்தம்மா மூணு தடவ எங்களுக்கு டீ வெச்சுக் குடுத்துச்சு. கடைசில, ராடக் கழட்டறதுக்கு முன்னால நாந்தான் போயி நின்னேன். பாஷை தெரியாது. கைய இப்படி விரிச்சுக் காட்டுனேன், தண்ணி இல்லீங்கம்மான்னு. அந்தம்மா மூஞ்சி இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க."

கையை விரித்தபடியே வைத்திருந்தான்.

"வந்துச்சா இல்லையான்னு நேருக்கு நேரா பாத்துச் சொல்லோணுமுங்க. அந்தப் படத்துக்காரன் என்ன பண்றான்? ரெண்டே முக்கா மணி நேரம் நம்மளக் குழி பக்கத்துல உக்கார வெச்சுப்போட்டு, லைட்ட அமத்தி, சொட்டுன்னு ஒரு சத்தத்த உட்டுப்போட்டுப் போயிட்டான். நாங்க அப்படி வண்டி ஏற முடியாதுங்க மாமா."

பத்து யூடியூப் விளக்கம் பார்த்திருக்கிறேன், ஒருத்தரும் அந்தப் படத்தைப் பற்றி இப்படிச் சொல்லவில்லை. என் தம்பி வருஷா வருஷம் எங்கெங்கே போய், எத்தனை பேர் முன்னால் நின்று கையை விரித்துவிட்டு வருகிறான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரர் எழுந்து, தட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். தினேஷும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

"ஆனா மாப்ள, அந்த வட்டம் இருக்குல்ல..."

"மாமா."

"சரி, சரி."

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். மொட்டை போட்டு, தலை முழுக்கச் சந்தனம் பூசி, மகிழினி தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் ஆசாரி ஊசியை எடுத்தார். மகிழினி ஊசியைப் பார்த்தாள்.

"வலிக்குமா?"

சுற்றி நின்ற அத்தனை சொந்தமும் ஒரே குரலில், "வலிக்கவே வலிக்காது சாமி, எறும்பு கடிக்கற மாதிரிதான்" என்றது. நானும்தான் சொன்னேன். குழந்தை எங்களை நம்பவில்லை. நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள்.

"வலிக்கும் சாமி" என்றான் தினேஷ். "கொஞ்ச நேரம் வலிக்கும். மாமா புடிச்சுக்கறேன்."

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆசாரி முதல் காதைக் குத்தினார். கோயிலே அதிர்ந்தது.

இரண்டாம் பாகம் எடுக்கிறவர்களின் கஷ்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் காது குத்தும்போது பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது காதுக்கு வரும்போது எல்லாம் தெரிந்த ஆள் அது. ஏமாற்ற முடியாது. "முடிஞ்சு போச்சு சாமி, முடிஞ்சு போச்சு" என்று சொந்தம் மறுபடியும் கூசாமல் பொய் சொன்னது. மகிழினி தேம்பிக்கொண்டே மறுபடியும் மாமனைத்தான் பார்த்தாள்.

"முடிஞ்சுதா மாமா?"

"இல்ல சாமி. இன்னொண்ணு இருக்குது. இதே மாதிரிதான் வலிக்கும். அதோட அவ்வளவுதான்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். மூக்கை அவன் சட்டையில் துடைத்தாள். பிறகு தானாகவே மொட்டைத் தலையைத் திருப்பி மறு காதைக் காட்டினாள். ஆசாரியே ஒரு நிமிஷம் ஊசியை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தக் காட்சியைப் பார்க்க அப்பா எங்கே? திரும்பினேன். என் வீட்டுக்காரர் கோயில் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி, "குத்தியாச்சா... குத்தியாச்சா" என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பதில் சொல்லவில்லை. முடிவு தெரியாமல் இருப்பதுதானே அவருக்குப் பிடிக்கும்?