பக்கத்துக் காம்பரா அக்காவின் அலுமினிய பேசின்

அன்று எங்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், என் மனைவி, சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா. நாய்கூட இல்லை. அசிட் நெடி அதற்கு ஆகாது என்று காலையிலேயே நான் விரட்டிவிட்டிருந்தேன்.

என் மனைவி கொழும்புப் பக்கம் எலெக்ட்ரோனிக் தொழிற்சாலையில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். கல்யாணத்துக்குப் பிறகு தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டிலேயே சர்க்கிட் போர்டு செய்யத் தொடங்கினாள். கோயில் திருவிழா விளக்குகளை மாறி மாறி எரியவைக்கும் போர்டு ஒன்றை, ராகலையில் ஒரு கடைக்காரர் மாதிரிக்குக் கேட்டிருந்தார். அது சரிவந்தால் தொடர்ந்து வேலை தருவார். சரிவராவிட்டால் அவள் மறுபடி கொழும்புக்குப் போவதாகப் பேச்சு. அசிட்டை விட அந்தப் பேச்சுதான் எனக்குப் பயம்.

செம்புத் தகட்டில் இரண்டு நாளாக மார்க்கர் பேனையால் கோடு போட்டிருந்தாள். மையில்லாத இடத்துச் செம்பை அசிட் அரித்துவிடும். மைக்கு அடியில் உள்ளது மட்டும் மிஞ்சும். அசிட்டைத் தூளாக வாங்கி வந்து தண்ணீரில் கரைப்பாள். கரைத்தால் பிளேன்டீ நிறம். யாராவது குடித்துத் தொலைப்பார்களோ என்று போத்தலில் நான் நாலு பக்கமும் மண்டையோடு வரைந்து வைத்திருந்தேன்.

"தண்ணியிலதான் தூளக் கொஞ்சம் கொஞ்சமாப் போடணும். தூளு மேல தண்ணிய ஊத்துனா சூடேறி மூஞ்சியில தெறிக்கும்," என்றாள். மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"பரீட்சையா எழுதப் போறீங்க?"

எட்டாம் வகுப்போடு தோட்ட வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றவன் நான். அசிட் பாடம் அதற்கு மேல் வகுப்பில் இருந்திருக்கும்.

அசிட்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றினாள். சூடு பட்டால் சீக்கிரம் அரிக்குமாம். அக்கா தன் புது அலுமினிய பேசினில் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். டப்பாவை அதற்குள் வைத்துவிட்டு, கையுறையும் கண்ணாடியும் எடுக்க மனைவி உள்ளே போனாள்.

டப்பா நெளிவதுபோல் எனக்குத் தெரிந்தது. பிளாஸ்டிக் உருகி எல்லாம் கொட்டிவிடும் என்று நினைத்தேன். அலுமினியம் உருகாது, சோறே அதில்தான் ஆக்குகிறோம். சுடுதண்ணீரைக் கொட்டிவிட்டு, அசிட்டைப் பேசினில் ஊற்றினேன்.

பேசின் சீறியது. நுரை பொங்கி, புகை கிளம்பியது.

"எம் பேசின்!" என்று அக்கா குனிந்தார்.

"தொடாதீங்க அக்கா! ரெண்டு பேரும் தள்ளிப் போங்க, பொகைய இழுக்காதீங்க!" ஓடிவந்த மனைவி, மண்வெட்டிக் காம்பால் பேசினை முற்றத்துக்குத் தள்ளினாள். கொதிப்பு அடங்கியதும் ஆப்பச்சோடாவை அள்ளித் தூவினாள். மறுபடி நுரைத்தது. நான் மறுபடி ஓடினேன்.

"இது நல்ல நொரைங்க, நில்லுங்க! அசிட்டு சாகுது. அப்படியே தண்ணி ஓடுற கான்ல விட்டா கீழ நட்டிருக்க மரக்கறியெல்லாம் போயிரும்." பிறகு என்னைப் பார்த்தாள். "அலுமினியத்துல ஊத்தலாமான்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"ஆயிரம் கேள்வி கேக்குற மனுசன், அதைத்தான் கேக்கல," என்றார் அக்கா. பேசினின் அடியில் மூன்று ஓட்டை.

நல்லவேளை, தகடு இன்னும் அசிட்டில் இறங்கவில்லை. பாக்கெட்டில் பாதித் தூளும் இருந்தது. அவள் கரைத்துத் தகட்டை உள்ளே இறக்கினாள். கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, அதே பிளாஸ்டிக் டப்பாவை நான் ஒன்றரை மணி நேரம் ஆட்டினேன். அது உருகவில்லை. மெல்ல மெல்லக் கோடுகள் தெளிந்து வந்தபோது, அவள் என் தோளில் தாடையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் இப்போது வாராவாரம் போர்டு வாங்குகிறார். அவள் எங்கும் போகவில்லை.

பேசின் விலை ஆயிரத்து எண்ணூறு. ஆயிரம் கொடுத்துவிட்டேன். மீதியை நீட்டும்போதெல்லாம் அக்கா வாங்க மறுக்கிறார். "கெடக்கட்டும் தம்பி. கடன் இருந்தாத்தான் எஞ்சாமானத் தொடுறதுக்கு முன்ன கேப்ப."

இன்னும் பாக்கி எண்ணூறு ரூபாய்.