ரிஃபாத் ஒளித்துவைத்த பெயர்

எகிப்தின் தந்தா நகரத்தில் பொறியியல் படிக்கும் ரிஃபாத் தன் நிழலையே நம்பாதவன். லேப்டாப் கேமராவின்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். கழிப்பறைக்குப் போனாலும் லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் போவான். அப்பேர்ப்பட்டவனின் கல்லூரி மின்னஞ்சலுக்குள் எவனோ புகுந்து, பேராசிரியருக்கே வசைக்கடிதம் அனுப்பிவிட்டான்.

வீட்டுக்குக் கீழேயுள்ள டீக்கடையில் ரிஃபாத் தன் நண்பன் ஷவ்கியை மடக்கிப் பிடித்தான்.

“உண்மையச் சொல்லு. நீதானே?”

“அட லூசு, உன் பாஸ்வேர்டு எனக்கெப்படிடா தெரியும்? மறந்துட்டா ஒரு கேள்வி கேக்குமே, அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கே?”

“அம்மா பேரு. அதை எவன் கண்டுபிடிப்பான்? பள்ளிக்கூடத்துலேருந்து ஒருத்தன்கிட்டயும் நான் சொன்னதில்ல. நீ சொல்லியிருக்கியா?”

“சேச்சே, எந்த ஆம்பளை சொல்லுவான்!”

அம்மாவின் பெயரை வெளியே சொல்வது அந்த ஊர் ஆண்களுக்கு மானக்கேடு. தெருவில் ஆண்கள் எல்லாருக்கும் அவள் என்றைக்கும் ‘ரிஃபாத்தோட அம்மா’தான்.

அந்த நேரம் பார்த்துக் கீரைக்காரி வண்டியை நிறுத்தி, தொண்டை கிழியக் கூவினாள்: “அடி தவ்லத்து! முலூக்கியாக் கீரை வந்திருக்கு, கூடையை இறக்குடி!”

மூன்றாம் மாடியிலிருந்து ரிஃபாத்தின் அம்மா கயிற்றில் கூடையை இறக்கினாள். தினமும் இறக்குவதுதான். ஷவ்கி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ரிஃபாத் சிரிக்கவில்லை. தெருவின் நாற்பது ஜன்னல்களையும் ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்தான்.