பெயர் சொல்லாமல் நடந்தவர்

செய்தி கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்ததும் முதலில் எங்கள் வாசல் கதவைச் சாத்தினார். பிறகுதான் சொன்னார். "ஞானப்பிரகாசம் மாமா போயிட்டாரு. விடியக்காலையில. சத்தம் போட்டு அழாதீங்க." அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். ஒரு சாவுச் செய்தி இப்படி வந்து நான் பார்த்ததில்லை.

அடக்கத்துக்கு மாமாவின் மனைவியான எங்கள் அத்தையும், அவருடைய அண்ணன் குடும்பமும், மீன் சந்தையிலிருந்து சில பர்மியப் படகுக்காரர்களும் வந்தார்கள். கோயிலில் அவரைப் பற்றி, 'கப்பலில் வேலை செய்தவர், நல்ல குடும்பத் தலைவர்' என்று மட்டும் சொன்னார்கள். வாசலுக்கு எதிரே டீக்கடையில் இரண்டு பேர் குடித்து முடித்த கோப்பைகளோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததால் வேறு எதையும் சொல்ல முடியவில்லை. அவரோடு நடந்த உங்களில் பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வந்த நாங்கள் சிலரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்போல் நின்றோம். அங்கே சொல்லாமல் விட்டதை உங்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் எல்லாரும் தூங்கியபின் இதை எழுதுகிறேன். பர்மிய மொழிதான் எனக்குச் சரளம். ஆனால் தமிழில் எழுதினால், இது சிக்கினாலும் வார்டு அலுவலகத்தில் படிக்க ஆள் இல்லை.

ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பின்னால் படகு எஞ்சின் பழுதுபார்த்துக்கொண்டிருந்த மாமாவைப் படகுக்காரர்கள் மரியாதையாக 'ஊ ஞானா' என்று கூப்பிடுவார்கள். நான் பிறப்பதற்கு முன்பு அவர் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலையில் இருந்தார். ஒரு கோடையில் அவருடைய கப்பல் போலந்தின் கிதான்ஸ்க் துறைமுகத்தில் எஞ்சின் உடைந்து, உதிரிப் பாகத்துக்காகக் காத்து நின்றது. அந்த ஊர் ஜனங்கள் செஸ்டகோவா மாதா கோயிலுக்குக் கால்நடையாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மாலுமிகளைக் கவனித்துக்கொள்ளும் கத்தோலிக்கச் சாமியார் ஒருவர் அனுமதி வாங்கிக் கொடுக்க, மாமாவும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். அவரைப் பக்திமான் என்று யாராவது சொன்னால் உடனே மறுப்பார். "பக்தியாவது! ஊர் பாக்கப் போனேன். சும்மா சோறு போட்டாங்க, கூடவே நடந்தேன்."

கோயில் வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் நாங்கள் அவரைச் சுற்றி நின்றுகொள்வோம். அவர் சொல்லக் கேட்டுத்தான் அந்த ஊர்களை எனக்குத் தெரியும். ஆற்றங்கரை மேட்டில் ஹெவ்ம்னோ என்று ஒரு சிறிய ஊர், சுற்றிலும் செங்கல் மதில், உள்ளே எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு பழைய கோயில். மழையில் நனைந்து போய்ச் சேர்ந்த மாமாவுக்கு ஒரு விதவை தன் கட்டிலைக் கொடுத்துவிட்டு, தான் வைக்கோல் கொட்டிலில் படுத்துக்கொண்டாளாம். காலையில் சுவரிலிருந்த செஸ்டகோவா மாதா படத்தையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாளாம். அந்த மாதாவின் முகம் கறுப்பு. கன்னத்தில் இரண்டு வெட்டுத் தழும்புகள் உண்டு.

"உங்க மாதா எங்க ஊர்ப் பொம்பள மாதிரி இருக்கான்னு கையால காட்டினேன். நம்ம வீட்டம்மா மாதிரியேதான்," என்பார் மாமா.

அத்தை அங்கிருந்தே சத்தம் கொடுப்பார். "ஆமா, கன்னத்துல வெட்டு ஒண்ணுதான் குறை. அதையும் போட்டுவிட்டா தூக்கிட்டுப் போய்க் கோயில்ல வெச்சிடலாம்!"

அடுத்து தோருன். இஞ்சியும் கிராம்பும் போட்ட ரொட்டி மணம் தெருவெல்லாம் வீசும் என்று அவர் சொல்லும்போதே எங்களுக்குப் பசிக்கும். அங்கே ஒரு சாய்ந்த கோபுரம் இருக்கிறது. குதிகாலும் முதுகும் அதன் சுவரில் படும்படி நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டவேண்டும். விழாமல் நின்றால் பாவமில்லாதவர். மாமா நின்ற மறுகணமே முன்னால் விழுந்தார். பின்னால் வந்த சாமியாரும் விழுந்தாராம். நாங்கள் ஓடிப்போய்க் கோயில் மதிலில் அதே மாதிரி நின்று பார்த்தோம். யாரும் விழவில்லை. "மாமா, நாங்க பாவமே பண்ணல!" என்று கத்தினோம். அவர் சிரித்துக்கொண்டு, "நேரான சுவத்துல சாஞ்சா எல்லாரும் நல்லவங்கதான். சுவரு சாஞ்சிருக்கணும், அப்பத்தான் தெரியும்," என்றார்.

அந்த நடைக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. உங்களுக்கு அவை தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். நடக்கிற நாட்களில் பெயர் கிடையாது. டாக்டரானாலும் மாடு மேய்ப்பவரானாலும் சகோதரன், சகோதரி என்றுதான் கூப்பிடவேண்டும். மற்றொன்று, செஸ்டகோவா நெருங்கும்போது வருகிற ஒரு சிறு குன்று. அங்கே எல்லாரும் நின்றுவிடுவார்கள். வழியில் நடந்த சண்டை, பேசிய கடுஞ்சொல், மனதில் நினைத்த கெட்டது, எல்லாவற்றுக்கும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டபிறகே கோபுரத்தைப் பார்த்து இறங்கவேண்டும். கொட்டிலில் படுக்க இடத்துக்காக மாமாவோடு மல்லுக்கு நின்ற ஒரு தடியன் அங்கே வந்து அவர் முன்னால் மண்டியிட்டானாம். "அவன் பேசினது எனக்கு ஒரு எழுத்தும் புரியல. நான் தமிழ்ல சொன்னது அவனுக்கும் புரியல. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதோம். அது என்ன அழுகைன்னு இன்னும் தெரியல."

பிக்குகள் ராணுவ ஆட்சியை எதிர்த்துத் தெருவில் நடந்த வருடம் போய், புயலும் வந்து போனது. எல்லார் வீட்டிலும் பயமும் துக்கமும் இருந்தன. நாமும் ஒரு நாள் நடப்போம் என்று மாமா சொன்னது அப்போதுதான். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருக்கும் இடிந்துபோன பழைய கோயில்வரை. போர்ச்சுக்கீசியர் காலத்துச் சுவர்கள் மட்டும் நிற்கும் இடம் அது. அப்பா பயந்தார். ஐந்து பேர் ஒன்றாகக் கூடினாலே குற்றம் என்ற சட்டம் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

"நாலு நாலு பேராப் போவோம்," என்றார் மாமா. "அஞ்சாவது ஆளு பின்னாடி கடலை வாங்கித் தின்னுக்கிட்டு வரட்டும். கடலை தின்னத் தடை இல்லையே?"

அப்பா வரவில்லை. அம்மாவையும் என்னையும் அனுப்பினார்.

அந்த நாளை நினைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கிறது. விடியற்காலையில் குளிர். முன்னால் போன நான்கு பேரில் மாமா ஒருவர், நான் ஒருத்தி. தினமும் பள்ளிக்கூடம் போகிற தெருவில் என்னை நிறுத்தி, "தங்கச்சி, மேல பாரு," என்றார். மூன்றாவது மாடியில், பாசி பிடித்த பால்கனியின் கீழே, சுண்ணாம்பில் செய்த மயில் ஒன்று தோகை விரித்திருந்தது. அத்தனை வருடங்களாக அதை நான் பார்த்ததே இல்லை. "தலையைத் தூக்கிப் பாருங்க எல்லாரும். கீழ பாத்து நடந்தே நமக்குப் பழகிப்போச்சு," என்றார். பழைய நீதிமன்றத்துத் தூண்கள், பஸுண்டாங் கால்வாய்க் கரையில் கூரை விழுந்த அரிசி ஆலை, எல்லாவற்றுக்கும் நின்றார். பின்னால் வந்தவர்கள் தள்ளி நின்று, நாங்கள் பார்த்ததையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தன்லியின் பாலம் நடுவில் உயர்ந்திருக்கும். ரங்கூனின் அந்தப் பக்கத்தில் வேறு மேடு கிடையாது. உச்சிக்கு வந்ததும் அக்கரையின் மரங்கள் தெரிந்தன. மாமா நின்றார். பாலத்தின்மேல் நிற்கக்கூடாது என்று அறிவிப்பு இருக்கிறது. அதை எல்லாரும் மறந்தோம். பின்னால் வந்த நால்வரும், அதற்கும் பின்னால் வந்தவர்களும், கடலை தின்றவரும் சேர்ந்துவிட்டார்கள். இருபது பேருக்குக் குறைவில்லை. நீங்களும் இருந்தீர்கள். பல வருடங்களாகப் பேசாமல் இருந்த இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதைப் பார்த்தீர்கள். அம்மா என் தலையில் கைவைத்து, "அடிச்சதுக்கெல்லாம் மன்னிச்சிடுடி," என்றார். மாமா என் முன்னால் வந்து கைகூப்பினார். "தங்கச்சி, சின்னப் பிள்ளைன்னு எப்பவாவது உன்னை மட்டமாப் பேசியிருந்தா மன்னிச்சிடும்மா." என் அப்பாவைவிட மூத்தவர். எனக்கு வெட்கமும் அழுகையுமாக வந்தது.

அப்போதுதான் விசில் சத்தம் கேட்டது. காவலர்கள் நம் பக்கமாக ஓடிவந்தார்கள்.

"நடங்க. ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சு நடங்க. திரும்பிப் பாக்காதீங்க," என்று மாமா சொன்னார். பிறகு கையைத் தூக்கிக்கொண்டு அவரே காவலர்களை நோக்கிப் போனார். சத்தமாகப் பர்மிய மொழியில், வழி கேட்பவரைப்போல் பேசிக்கொண்டே போனார். நாங்கள் இறங்கி நடந்தோம். அக்கரையில் கிடைத்த பஸ்களில் ஏறிக் கலைந்தோம். அந்த இடிந்த கோயிலை யாரும் பார்க்கவில்லை.

அவரைப் பிடித்துக்கொண்டு போன அன்று முதல் ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேள்விதான். அவர் பெயர்களைச் சொல்லிவிட்டாரா? உங்கள் வீடுகளிலும் அதுதான் இருந்திருக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அப்பா எழுந்து நிற்பார். ஒருவரும் வரவில்லை. மழை தொடங்கும் சமயத்தில் அவரை விட்டுவிட்டார்கள். நெஞ்சுச் சளியோடு, பாதியாக இளைத்து வந்தார்.

அம்மா கொடுத்தனுப்பிய கஞ்சியோடு நான் போனபோது உள்ளே நடந்ததை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இருமல்தான் இடையிடையே அவரை நிறுத்தியது.

"பாலத்துல என்ன பண்ணீங்கன்னு அதிகாரி கேட்டான். மன்னிப்புக் கேட்டோம், 'சயா'ன்னு மரியாதையாச் சொன்னேன். என்ன குத்தத்துக்குங்குறான். பொதுவான்னேன். பொதுவா எவனாவது மன்னிப்புக் கேப்பானா, குத்தத்தைச் சொல்லுங்குறான். சரின்னு உங்க அத்தை சமையலைக் குறை சொன்னது, சின்ன வயசுல மாங்கா திருடினது, எல்லாத்தையும் சொன்னேன். எழுதிக்கிட்டே இருந்தான். எந்தச் சாமியார்கிட்டயும் இவ்வளவு சுத்தமாப் பாவசங்கீர்த்தனம் பண்ணினதில்ல."

"எங்களைப் பத்திக் கேக்கலையா மாமா?"

"கேக்காம? கியாக்தான் தீவுப் புத்தர் கோயிலைப் பாக்கப் போற ஆளுங்க, எனக்குத் தெரியாதுன்னேன். கழுத்துல சிலுவை போட்டவங்களுக்கு அங்க என்ன வேலைன்னான். பாக்குறதுக்கு மதம் என்ன சயான்னேன். யாரு யாருன்னு பேரைச் சொல்லுன்னான். நடக்கிறப்போ பேரு கிடையாது, அண்ணன், அக்கா, தங்கச்சி அவ்வளவுதான், போலந்துல அப்படித்தான்னு சொல்லித் தொலைச்சேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். போலந்துல உன் தலைவன் யாருன்னு ஆரம்பிச்சிட்டான்."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று மாமா சொல்லவில்லை. குனிந்து கஞ்சிக் கிண்ணத்தை எடுக்க முயன்றபோது அவருடைய வலது கை மடங்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"உங்களுக்குப் பயமே இல்லையா மாமா?" என்று கேட்டேன். எனக்கு அது தெரியவேண்டியிருந்தது. அவரைப்போல இருக்க என்னால் ஒருபோதும் முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "யாரு சொன்னா? கைலி நனைஞ்சுபோச்சும்மா. ஒவ்வொரு தடவை கதவு தொறக்கிறப்பவும் உங்க பேரெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துரும். எச்சி முழுங்குற மாதிரி முழுங்கிடுவேன். அடுத்த தடவை மறுபடியும் வரும். கடைசி நாள் வரைக்கும் அப்படித்தான். பயம் ஒரு நாளும் விட்டதில்ல."

அதன்பிறகு அவர் கட்டிலைவிட்டு அதிகம் எழவில்லை. மழைக்காலம் முடியும்முன் போய்விட்டார்.

அவருடைய ஊர்கள் எதையும் நான் பார்க்கப்போவதில்லை. மயிலை மட்டும் பார்த்தேன். மற்றவர்கள் அவருடைய சிரிப்பையும் கதைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது அந்தப் பயத்தை. அவரும் என்னைப்போலவே நடுங்கினார், கடைசிவரை நடுங்கினார், ஆனாலும் நம் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. இந்த வரியை எழுதும்போதும் வாசலில் செருப்புச் சத்தம் வருகிறதா என்று நிறுத்தி நிறுத்திக் கவனிக்கிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்களில் யாருடைய பெயரையும் இதில் நான் எழுதவில்லை. என் பெயரையும் எழுதவில்லை. ஞானப்பிரகாசம் என்ற பெயரை மட்டும் முழுதாக எழுதியிருக்கிறேன். அந்தப் பெயரைக் கேட்டு வந்து இனி அவரை யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது.