ஆடியில் இறுகிய லாச்சிகள்

இந்தப் பனிநாட்டில் மரத்துக்கு இரண்டு உடம்பு. தை மாதத்தில் மில்லிக்கன் பகுதியில் எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவு சுண்டுவிரலால் தள்ளினாலே திறக்கும். ஆடி பிறந்ததும் அதே கதவைத் தோளால் இடிக்கவேண்டும். வந்த புதிதில் கதவில்தான் பிழை என்று நினைத்து, ஒரு கோடையில் அதன் விளிம்பைச் சீவிவிட்டேன். மார்கழியில் உள்ளே இருப்பவரின் முழங்கால் தெரியுமளவுக்கு நீக்கல் விழுந்தது. மனைவி ஒரு துவாயைத் தொங்கவிட்டு வீட்டு மானத்தைக் காப்பாற்றினாள். குளிர்காலத்தில் ஹீற்றர் காற்றை உலர்த்திவிடும், மரம் சுருங்கும். கோடையில் ஏரிப்பக்கத்துப் புழுக்கத்தைக் குடித்து ஊதும். ஊரில் மரம் இவ்வளவு ஆட்டம் போடுவதில்லை. அப்பாவிடம் கற்ற தச்சுத்தொழிலுக்கு மேலதிகமாக நான் இங்கே படித்த முதல் பாடம் இதுதான். இதை வைத்தே ஒருவரைப் பழிவாங்கினேன். வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், இல்லை.

இங்கே பல வருடம் சமையலறைக் கபினெற் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நின்றேன். மெஷின் வெட்டும், நாங்கள் பசை பூசுவோம். அது தச்சுவேலை இல்லை, பெட்டி ஒட்டுகிற வேலை. தொழிற்சாலை மூடியபோது அழுதவர்கள் உண்டு. நான் பட்டறை போட வீட்டுக் கராஜைத் துப்புரவாக்கினேன். யப்பானியர் தங்கள் அலுமாரியைத் தன்சு என்பார்கள். அதைச் செய்யும் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு சொல்லும் விளங்காது. சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பார்த்தேன். அப்பா மரமறுக்கும் வாளையும் சீவுளியையும் முன்னால் தள்ளுவார். அவர்கள் தம்மை நோக்கி இழுக்கிறார்கள். தள்ளியே பழகிய என் தோள் ஆறு மாதம் மாறமாட்டேன் என்று அடம்பிடித்தது. பிறகு படிந்தது. தன்சுவில் இரும்பாணி கிடையாது. பலகையோடு பலகை கோக்கும் பொருத்து, மூங்கில் ஆணி, அவ்வளவுதான். ஒரு லாச்சியை, அதாவது இழுப்பறையை, உள்ளே தள்ளினால் அடைபட்ட காற்று பக்கத்து லாச்சியை மெல்ல வெளியே அனுப்பவேண்டும். அந்தப் பதம் வந்த அன்று மனைவியைக் கூப்பிட்டு இருபது தரம் தள்ளிக் காட்டினேன். "சரியப்பா, விளங்குது, சோறு ஆறுது" என்றாள்.

எங்கள் ஊர்க்காரர் குணம் அண்ணை பக்கத்துப் பிளாசாவில் தளபாடக் கடை வைத்திருக்கிறார். என் முதல் தன்சுவைத் தடவிப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் கடைக்குப் போனால், அதன் மேல் அழகான ஒரு அட்டை: 'யப்பானிய மாஸ்டர் கெஞ்சியின் கைவேலை.'

"ஆர் அண்ணை உந்தக் கெஞ்சி?"

"உது வியாபாரம் தம்பி. வெள்ளைக்காரருக்கு யப்பான் எண்டால்தான் பிடிக்கும். உன்ர பேரைப் போட்டால் ஆர் வாங்கிறது?"

அந்த நேரம் பார்த்து ஒரு தமிழ்க் குடும்பம் உள்ளே வந்தது. இது எங்கே செய்தது என்று கேட்டார்கள். "உதோ, உது எங்கட தச்சன் செய்யிறது" என்றார், இரண்டடி தள்ளி நின்ற என்னைத் திரும்பியும் பார்க்காமல். வெள்ளையருக்கு நான் யப்பான்காரன், எங்கள் சனத்துக்கு 'எங்கட தச்சன்'. எந்தப் பக்கத்திலும் எனக்குப் பெயர் இல்லை.

அந்தச் சொல்லை அவர் சொன்ன தொனி எனக்குப் புதிதல்ல. ஊரில் குணம் அண்ணை வீட்டாரின் கல்வீட்டுக்குக் கதவு, ஜன்னல், நிலை எல்லாம் அப்பா செய்தவை. ஜன்னல் சட்டங்கள் என் கை. அப்போது எனக்கு இருபது வயது. புதுவீடு குடிபூரும் நாளில் வீடு கட்டிய தச்சரைக் கூப்பிட்டு, சபையில் இருத்தி, வேட்டி சால்வை கொடுப்பது வழக்கம். அப்பா விடியவே முகச்சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கூப்பிட ஆள் வரும் என்று இருந்தார். மத்தியானம் தாண்டியது. பின்னேரம் யாரோ ஒருவர் சைக்கிளில் வந்து ஒரு பையை நீட்டினார். உள்ளே வேட்டியும் சால்வையும். அன்று வாசலில் நின்று எல்லாரையும் கைகூப்பி வரவேற்றவர் குணம் அண்ணைதான். அப்பா அந்த வேட்டியைக் கடைசிவரை உடுக்கவில்லை. அவருக்கு ஆறியிருக்கலாம். எனக்கு ஆறவில்லை.

உறவாடிக் கெடு என்பார்கள். அடுத்த தையில் பெரிய ஓடர் வந்தது. ஏரிக்கரைப் பக்கத்தில் மார்கரெட் என்றொரு அம்மாவுக்கு மேப்பிள் மரத்தில் எட்டு லாச்சித் தன்சு. மரம் வற்றிச் சுருங்கிக் கிடக்கும் காலம் அது. அறிவுள்ள எவனும் கோடையை நினைத்து லாச்சிக்கு மேலே ஒரு நீக்கல் விடுவான். நான் மயிரிழைகூட விடவில்லை. ஒவ்வொன்றையும் ஆசையோடு இறுக்கிப் பொருத்தினேன். மாசியில் குணம் அண்ணை வந்து இழுத்துப் பார்த்து, "வெண்ணெயில போற மாதிரிப் போகுதடா தம்பி!" என்றார். "ஓம் அண்ணை" என்று சிரித்தேன். அந்த அம்மா எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் சீவுளியை எடுக்கவில்லை.

ஆடியில் தொலைபேசி அடித்தது, குணம் அண்ணை. "எட்டும் இறுகிப்போச்சுதாம். மாஸ்டரை வரச்சொல்லி அந்த வெள்ளைக்கார மனிசி நிக்குது. மாஸ்டருக்கு ஒப்பரேசன் எண்டு சொல்லிப்போட்டன். நீ ஹெல்ப்பரா வா. வாயை மட்டும் திறந்துபோடாதை."

போனோம். மார்கரெட்டுக்கு எழுபது வயதிருக்கும், மெலிந்த, கனிவான பெண்மணி. கையில் ஒரு உறை. மாஸ்டர் விரைவில் குணமாகவேண்டும் என்று வாழ்த்துமடல் வாங்கி வைத்திருந்தார். என்னிடம் கொடுத்து, அவரிடம் சேர்த்துவிடச் சொன்னார். குணம் அண்ணை நிலத்தைப் பார்த்தார். நான் உறையைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். முன்வாசல் ஹோலில் நின்ற தன்சுவின் முதுகுப்பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து ஒவ்வொரு லாச்சியாகத் தட்டி எடுத்தேன். அளவுகோல் எடுக்கவில்லை. எது எங்கே இறுகும் என்று என் கைக்குத் தெரியும். இழுத்து இழுத்துச் சீவினேன். "அண்ணை, உதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றேன். கடை முதலாளி முழங்காலில் நின்று எட்டு லாச்சியையும் பிடித்தார். மரச்சீவல் கம்பளத்தில் விழுந்தபோது, "அந்த அம்மான்ர கம்பளம் அண்ணை" என்றேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு ஆறுதலாக நான் ஒரு நாளும் சீவியதில்லை.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தி முடித்து ஒரு லாச்சியைத் தள்ளினேன். பக்கத்து லாச்சி தானாக வெளியே வந்தது. மார்கரெட் வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் இதைப் பார்த்தால் சந்தோசப்படுவார் என்றார்.

"மாஸ்டர் சுகமாக இருக்கிறார், இங்கேதான் நிற்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

அவர் ஜன்னலால் எட்டி வெளியே நின்ற எங்கள் வான் வண்டியைப் பார்த்தார். யப்பானியர் எவரும் இறங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பிறகு குணம் அண்ணையிடம், "இவரா செய்தது? இவருடைய பெயர் என்ன?" என்று கேட்டார்.

குணம் அண்ணை வாயைத் திறந்தார். அவருக்கு என் பெயர் தெரியாது. இத்தனை காலமும் தம்பி, டேய், தச்சன். போனை எடுத்துத் தேடினார். என் நம்பருக்கு மேலே 'தச்சன்' என்றுதான் இருந்தது. நான் பக்கத்தில் நின்று வாசித்தேன். வியர்த்து வழிய, கடைசியில் "செல்லன்" என்றார்.

அது என் பெயரில்லை, அப்பாவுடையது. அதுகூட முழுப் பெயரில்லை. அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் வெட்டிக் கூப்பிடுவார்கள்.

"முழுசாச் சொல்லுங்கோ, அண்ணை."

"தம்பி, இதில வைச்சு என்னத்துக்கு…"

"சொல்லுங்கோ."

"செல்லையா" என்றார்.

மார்கரெட், தன்சுவின் மேல் லாச்சியிலிருந்த கடை அட்டையை எடுத்தார். கெஞ்சியை ஒரே கோட்டில் வெட்டிவிட்டு, எழுத்தெழுத்தாக என்னிடம் கேட்டுச் செல்லையா என்று எழுதித் திரும்ப வைத்தார். என் சொந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

கருவிகளை அடுக்கினேன். "மிக்க நன்றி, மிஸ்டர் செல்லையா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, வேலையாட்கள் போய்வர அதுதான் வசதி என்று அன்போடு சொல்லி, பக்கக் கதவைத் திறந்துவிட்டார். பனியையோ யப்பானையோ ஒருநாளும் கண்டிராத அப்பா, ஒரு அட்டையில் பெயராக, அந்த வீட்டின் முன்ஹோலில் இருந்தார். சீவல் பையோடு குணம் அண்ணை முன்னே, கருவிப் பெட்டியோடு நான் பின்னே, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவால் வெளியே வந்தோம்.