அழுத்தாமல் தொட வேண்டும்

காலைப் பாத்திரங்களைக் கழுவுவது அந்த வீட்டில் கணவரின் வேலை. கல்யாணமான புதிதில் தானாக ஏற்றுக்கொண்டது. போன மழைக்காலத்திலிருந்து கண்ணாடி டம்ளர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மனைவி ஒன்றும் கேட்கவில்லை. எவர்சில்வர் டம்ளர்களாக வாங்கி அடுக்கிவிட்டாள்.

தெருவில் அவருக்கு ரேடியோக்காரர் என்று பெயர். ரேடியோவைத் தொட்டு எத்தனையோ காலமாகிறது. நோயாளிகள் படுத்தபடியே ஆள் கூப்பிட அழுத்தும் மணி இருக்கிறதே, அதற்குள் இருக்கும் சின்ன போர்டுகளை முன்னறையில் உட்கார்ந்து செய்கிறார். அவர் ஒயர்களை ஈயம் வைத்து ஒட்டித் தருவார். எதிரே உட்கார்ந்து அவள் மீட்டரால் சோதிப்பாள். மீட்டரிலிருந்து நீளும் இரண்டு கம்பிகளின் நுனியிலும் முள் இருக்கும்; ஒயரின் மறுமுனையில் ஒரு முள், ஈயம் வைத்த இடத்தில் இன்னொரு முள். இணைப்பு சரியாக இருந்தால் மீட்டர் கீச்சென்று கத்தும். கத்தினால் போர்டின் ஓரத்தில் பச்சை மையால் ஒரு பொட்டு.

சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். "நல்லா இருந்தா கத்தும். கெட்டுப்போயிருந்தா வாயே திறக்காது" என்று அவர் சொன்னதும், "அப்போ உங்க அம்மாவுக்கு நேர்மாறு" என்றாள். பக்கத்து அறையில் இருந்த மாமியார் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றைக்கே அவர் இதையும் சொன்னார்: "முள்ளால சும்மா தொடணும், அழுத்தக் கூடாது. ஈயம் சரியா பிடிக்கலைன்னா ஒயர் உள்ளுக்குள்ள லொடலொடன்னுதான் இருக்கும். நீ அழுத்தினா அந்த நேரத்துக்கு மட்டும் ஒட்டிக்கிட்டு கத்தும். கையை எடுத்தா போச்சு."

அவள் அழுத்தியதில்லை. அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பிக்கும்வரை.

முதலில், கத்தாத போர்டை எடுத்து, "இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று திருப்பிக் கொடுத்தாள். ஈயம் மட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி சூடு காட்டினார். திரும்புகிறவை கூடின. ஒரு மதியம் சோற்றைப் பிசைந்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தவர், வாயில் வைக்காமல் எழுந்து கை கழுவினார். மறுநாள் கத்தாத போர்டு ஒன்று வந்தபோது முள்ளைக் கொஞ்சம் அழுத்தினாள். கத்தியது. எதிரே அவர் தலை நிமிராமல், ஏதோ பழைய பாட்டை முனகத் தொடங்கினார். அதன்பிறகு அழுத்துவது பழகிப்போனது.

ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரத்தில், அவர்களுக்கு இந்த வேலையைத் தரும் பட்டறை முதலாளி ஒரு பெட்டியோடு வந்தார். எப்போதும் வாசலிலேயே "அண்ணே, உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்கிற ஆள். அன்று செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசாமல் வந்து உட்கார்ந்து, பெட்டியிலிருந்து போர்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"அண்ணி, இது உங்க பொட்டுதானே?"

"ஆமா."

"ஒரு முதியோர் இல்லத்துல மாட்டினது. பெரியவர் ஒருத்தர் கட்டில்லேர்ந்து விழுந்திருக்காரு. மணியை அமுக்கிக்கிட்டே கிடந்திருக்காரு, அடிக்கவே இல்ல. காலையில பெருக்க வந்தவங்கதான் பாத்திருக்காங்க."

"இப்ப எப்படி இருக்காரு?"

"இருக்காரு. இடுப்பு போச்சு."

அவள் மீட்டரை எடுத்து, பழக்கத்தில் முள்ளை வைத்தாள். கத்தியது.

"பாத்தியா, சரியாத்தானே இருக்கு" என்றார் கணவர். "மாட்டினவன் கோட்டை விட்டிருப்பான். நம்ம தலையில கட்டப் பாக்குறான்."

முதலாளி முள்ளை வாங்கி, மெதுவாக அதே இடத்தைத் தொட்டார். மீட்டர் வாயைத் திறக்கவில்லை. பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துத் தொட்டார். அதுவும் இல்லை.

"அழுத்துறீங்க அண்ணி" என்றார் தாழ்ந்த குரலில்.

கணவர் போர்டைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"கண்ணு முன்ன மாதிரி இல்ல தம்பி" என்றாள் அவள். "இடம் தெரியாம குத்திடுறேன்போல. தப்பு என்மேலதான்."

முதலாளிக்கு மனசு லேசானது முகத்தில் தெரிந்தது. "அதை முன்னாடியே சொல்லக் கூடாதா? சரி, விடுங்க. இனிமே டெஸ்டிங் பட்டறையிலயே நடக்கட்டும். நல்ல கண்ணா ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. அண்ணன் ஈயம் மட்டும் வைக்கட்டும், அவர் கைக்கு என்ன குறைச்சல்? நாளைக்கு வந்து இந்த லாட்டை எடுத்துட்டுப் போறேன்."

காபி வேண்டாம் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார்.

மேசையில் அவர் ஈயம் வைத்து முடித்திருந்த புது லாட் வரிசையாகக் கிடந்தது. ஒன்றிலும் இன்னும் பச்சைப் பொட்டு இல்லை. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டதில் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு அந்தப் பெண்கள் சும்மா தொடுவார்கள்.

அவர் மீட்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். புது போர்டு ஒன்றில் முள்ளை வைத்தார். முள் ஈயத்தின்மேல் நிற்காமல் வழுக்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொட்டார். சத்தமில்லை. அடுத்தது கத்தியது. அதற்கடுத்தது இல்லை.

"உன் கண்ணுக்கு ஒண்ணும் இல்லையே" என்றார்.

"இல்ல."

"ஊசியில நூல் கோக்குறியே இப்பவும்."

அவள் தலையாட்டினாள். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்தி ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது.

"ஏங்க" என்றாள். "அவரு நல்ல மனுஷன். வேற ஏதாச்சும் வேலை குடுப்பாரு. நாளைக்கு வர்றப்போ நாமளே சொல்லிடலாமா?"

அவர் முள் இரண்டையும் கீழே வைத்தார். வேட்டி நுனியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு எழுந்து, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, கத்தாத இரண்டு போர்டுகளோடு பட்டறைக்குக் கிளம்பினார்.